ஃபோர் வீல் போட்டும் முன் சக்கரம் இழுக்கவில்லையா? ஆட்டோ லாக்கிங் ஹப் பழுது, அறிகுறி வாரியாக

திருநெல்வேலிப் பக்கம் ஃபோர் வீல் வண்டிகளுக்கு வேலை மூன்று இடத்தில். ராதாபுரம், பணகுடி, வள்ளியூர் சுற்றிக் காற்றாலைப் பராமரிப்புக்கு ஓடும் கேம்பர்கள் (இரட்டை கேபின் பிக்கப்) ஒரு பக்கம். மணிமுத்தாறுக்கு மேலே மாஞ்சோலைப் பாதையிலும் களக்காட்டு மலையடிவாரத் தோட்டங்களிலும் ஏறி இறங்கும் ஜீப்புகள் இன்னொரு பக்கம். மிச்சம், திசையன்விளை, சாத்தான்குளம் தேரிமணலிலும் உவரிக் கடற்கரையிலும் கிடந்து உழலுபவை. எங்கிருந்து வந்தாலும் புகார் ஒன்றுதான்: "அண்ணாச்சி, லிவரப் போட்டாச்சு, லைட்டும் எரியுது, முன் வீல் சும்மா கெடக்கு."

உடனே புது ஹப் (முன் ஷாஃப்ட்டைச் சக்கரத்தோடு மாட்டியும் விடுவித்தும் வைக்கும் நடு உறுப்பு) ஆர்டர் போட்டுவிட வேண்டாம். கெட்டுப்போன ஹப் என்று வருவதில் பெரும்பாலானவை கெட்டவை அல்ல. அழுக்கு, தவறான கிரீஸ், கிழிந்த வாக்குவம் குழாய், இவைதான் காரணமாக இருக்கும். அரை நாள் உட்கார்ந்து கையால் சோதித்தால் எது என்று தெரிந்துவிடும்.

முதலில், உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை?

சக்கரத்தின் நடுவே கையால் திருகும் குமிழும் அதில் லாக், ஃப்ரீ என்ற குறியும் இருந்தால் அது மேனுவல் ஹப். பழைய மாருதி ஜிப்ஸிகளில் பார்க்கலாம். அதைத் திருகாமலே "ஃபோர் வீல் வேலை செய்யல" என்று வருபவர்களும் உண்டு. செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி என்றால் இது சகஜம்.

குமிழ் இல்லை, வெறும் மூடி மட்டும் என்றால் சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து பாருங்கள். ஸ்டியரிங் நக்கிளுக்குள் (சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் உறுப்பு) சுண்டுவிரலை விட மெல்லிய ரப்பர் குழாய் ஒன்று போனால் அது வாக்குவம் வகை, காற்றை உறிஞ்சி இழுத்து மாட்டுவது. குழாய் எதுவும் இல்லையென்றால் மெக்கானிக்கல் ஆட்டோ: உள்ளே இருக்கும் கேமும் (சரிவு வெட்டிய வளையம்) உராய்வுக் கட்டையும் ஷாஃப்ட் சுழல்வதை உணர்ந்து தாமே மாட்டிக்கொள்ளும்.

இன்னொன்றும் உண்டு. பழைய வில்லிஸ் வார்ப்பு ஜீப்புகளில் பலவற்றுக்கு ஹப்பே கிடையாது. ஷாஃப்ட்டின் முனை ஃபிளாஞ்சோடு நேரடியாகப் போல்ட் போட்டிருக்கும், முன் ஷாஃப்ட் எப்போதும் சக்கரத்தோடு சேர்ந்து சுழலும். அந்த வண்டியில் முன் சக்கரம் இழுக்காவிட்டால் இந்தக் கட்டுரை உதவாது. டிரான்ஸ்ஃபர் கேஸையும் (எஞ்சின் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் பெட்டி) ஷாஃப்ட்டையும்தான் பார்க்க வேண்டும்.

கை சோதனை: எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை

சமதளத்தில் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். முன்பக்கம் இரண்டு சக்கரத்தையும் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போக வேண்டாம், செங்கல் அடுக்கி வைப்பது அதைவிட மோசம். சோதனை முழுக்க எஞ்சின் ஆஃப். ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கிக்கொண்டு, ஃபோர் வீல் போட்டு, எஞ்சினைக் கிளப்பிக் கியர் போட்டுப் பார்க்கும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். தரையில் நிற்கும் சக்கரம் பிடித்தால் வண்டி ஸ்டாண்டை விட்டுப் பாய்ந்துவிடும். விளையாட்டுக் காரியம் இல்லை.

முதலில் லிவர் 2ஹெச்சில் (பின் சக்கரம் மட்டும் இழுக்கும் நிலை; 4ஹெச் என்றால் நாலு சக்கரமும்). ஒரு முன் சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். பின்னால் இருக்கும் டிரைவ் ஷாஃப்ட் அசையாமல் நிற்க வேண்டும். லேசாகச் சேர்ந்து சுழன்று, கையால் பிடித்ததும் நின்றால் அது கிரீஸின் இழுப்பு, பயமில்லை. பிடித்தும் நிற்காமல் சக்கரத்தோடு முரட்டுத்தனமாகச் சுழன்றால் ஹப் இன்னும் லாக்கில்தான் இருக்கிறது. மறுபக்கமும் இதே மாதிரி பாருங்கள்.

அடுத்தது மெக்கானிக்கல் ஆட்டோ வகைக்கு. லிவர் 2ஹெச்சிலேயே இருக்கட்டும். ஒருவர் அடியில் போய் முன் புரொப்பல்லர் ஷாஃப்ட்டை (டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன்பக்கம் வரும் நீளத் தண்டு) கையால் மெதுவாகச் சுழற்றட்டும். ஏதாவது ஒரு பக்க ஷாஃப்ட் சுழலத் தொடங்கும், அந்தப் பக்க ஹப்பிலிருந்து "டக்" என்று ஒரு சத்தம் வரும், பிறகு சக்கரமும் சேர்ந்து சுற்றும். இப்போது அந்தச் சக்கரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மீண்டும் புரொப்பல்லரைச் சுழற்றுங்கள். சுழற்சி மறுபக்கம் போகும், அங்கேயும் டக் கேட்க வேண்டும், சக்கரம் சுற்ற வேண்டும். ஷாஃப்ட் சுழன்று சக்கரம் சும்மா நின்றால் அந்தப் பக்க ஹப் மாட்டவில்லை. புரொப்பல்லர் சுழன்றும் இரண்டு ஷாஃப்ட்டும் அசையவில்லையென்றால் பழுது ஹப்பில் இல்லை, டிஃப்ரன்ஷியலிலோ (இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிக்கும் பல்சக்கரத் தொகுதி) ஷாஃப்ட்டிலோ. அங்கேயே நிறுத்தி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். மாட்டிய ஹப்பை விடுவிக்க, சக்கரத்தைக் கையால் எதிர்ப்பக்கம் ஒரு சுற்றுச் சுற்றினால் போதும்.

வாக்குவம் வகையில் லிவரை 4ஹெச்சில் போட்டு, கையால் அழுத்தும் வாக்குவம் பம்ப்பைக் குழாயில் மாட்டி இழுங்கள். ஏ.சி. வேலை பார்ப்பவர்களிடமோ பெரிய டூல்ஸ் கடையிலோ அந்தப் பம்ப் கிடைக்கும். மீட்டர் முள் ஏறி அப்படியே நிற்க வேண்டும். இரண்டு பக்க ஹப்பும் மாட்டியிருந்தால், இடது சக்கரத்தை முன்னோக்கிச் சுழற்றும்போது வலது சக்கரம் பின்னோக்கிச் சுழலும். பின் சக்கரம் தரையில் நிற்பதால் புரொப்பல்லர் அசையாது, டிஃப்ரன்ஷியல் திருப்பிக் கொடுக்கிறது. வலது சக்கரம் சும்மா நின்றால், எந்தப் பக்க ஷாஃப்ட் சக்கரத்தோடு சேரவில்லை என்று பார்த்தால் குற்றவாளி தெரிந்துவிடும்.

மஹிந்திரா தார் சிஆர்டிஇ போல முன்னால் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள வண்டிகளில் டிரைவ் ஷாஃப்ட் வெளியே தெரியும், பார்ப்பது சுலபம். முன்னால் ஒரே ஆக்சிலாக வரும் ஜீப்புகளில் ஷாஃப்ட் குழாய்க்குள் மறைந்திருக்கும். அங்கே ஹப் மூடியைக் கழற்றி, ஷாஃப்ட்டின் முனையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அறிகுறி 1: லைட் எரிகிறது, முன் சக்கரம் இழுக்கவில்லை

டாஷ்போர்டு லைட்டை நம்ப வேண்டாம். பெரும்பாலான வண்டிகளில் அந்த ஸ்விட்ச் டிரான்ஸ்ஃபர் கேஸில் இருக்கிறது. லிவர் விழுந்தது என்று மட்டும்தான் அது சொல்லும், ஹப் மாட்டியதா என்று அதற்குத் தெரியாது.

இன்னொரு விஷயத்தையும் மனதில் வையுங்கள். முன் டிஃப்ரன்ஷியல் சாதாரண வகை என்றால், ஒரு ஹப் மாட்டாவிட்டாலே போதும், முன்பக்கம் முழுவதும் இழுக்காது. சக்தி முழுக்க அந்தச் சும்மா சுழலும் ஷாஃப்ட்டுக்குப் போய்விடும். "ஒரு பக்கம்தானே கெட்டிருக்கு, மத்த பக்கம் இழுக்குமே" என்பார்கள். இழுக்காது.

_ஓட்டும் முறையில் கோளாறு._ செலவே இல்லாதது. மெக்கானிக்கல் ஹப் மாட்ட ஷாஃப்ட் கொஞ்சம் சுழல வேண்டும். நின்ற இடத்தில் லிவரைப் போட்டு, இறங்கி வந்து சக்கரத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. 4ஹெச் போட்டுச் சில மீட்டர் நேராக நகர்த்திய பிறகு பாருங்கள்.

தேரியில் இது இன்னும் முக்கியம். சிவப்பு மணலில் பின் சக்கரம் புதைந்த பிறகு லிவரைப் போட்டு ஆக்சிலரேட்டரை மிதித்தால், பின் சக்கரம் வேகமாகச் சுழலும், அதோடு புரொப்பல்லரும் அதே வேகத்தில் சுழலும், ஹப் ஓங்கி அடித்து மாட்டும். பல் உடைவதும் கேம் விரிசல் விடுவதும் பெரும்பாலும் இந்த ஒரு அடியில்தான். கெட்டித் தரையில் இருக்கும்போதே போட்டு, டக் சத்தம் கேட்டபின் மணலில் இறங்குங்கள்.

_வாக்குவம் குழாய்._ வாக்குவம் வகை என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது இதுதான். ஸ்டியரிங் திரும்பும் இடத்தில் குழாய் மடங்கி மடங்கி வெடிக்கும். தோட்டத்து ஷெட்டிலும் காற்றாலை யார்டிலும் நிறுத்திய வண்டிகளில் எலியும் அணிலும் கடித்திருக்கும். குழாயைக் கழற்றி, எஞ்சினை ஐடிலில் விட்டு, 4ஹெச் போட்டு விரலால் அடைத்துப் பாருங்கள். விரலைப் பிடித்து இழுக்க வேண்டும்.

இழுக்கவில்லையா? அப்போது பிரேக் மிதியும் கல் மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். டீசல் வண்டியில் பிரேக் பூஸ்டருக்கும் இந்த ஹப்புக்கும் வாக்குவம் பொதுவாக ஒரே பம்ப்பிலிருந்துதான் வரும். பிரேக்கும் கடினமென்றால் பம்ப்போ மெயின் குழாயோதான் பழுது. ஹப்பை மறந்துவிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள், அது உயிர் விஷயம். பிரேக் நன்றாக இருந்தால் சோலனாய்டு வால்வு (மின்சாரத்தில் திறந்து மூடும் வால்வு), அதன் ஃபியூஸ், கனெக்டர் என்று போங்கள். லிவரைப் போடும்போது சோலனாய்டில் லேசான "டிக்" கேட்கும். கேட்காவிட்டால் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். கடற்கரை வண்டிகளில் உள்ளே பச்சைக் களிம்பு பிடித்திருக்கும்.

விரலை இழுக்கிறது, ஆனாலும் மாட்டவில்லையென்றால் நக்கிளுக்கு உள்ளே இருக்கும் சீல். வீல் பேரிங் மாற்றியபோது பழைய சீலையே மாட்டியிருந்தால் இது வர வாய்ப்பு அதிகம். பேரிங் வேலை பார்த்த சில நாளில் ஃபோர் வீல் போய்விட்டது என்றால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

_கிரீஸ்._ மெக்கானிக்கல் வகையில் முதல் சந்தேகம் இதன் மேல்தான். சர்வீஸுக்கு விடும்போது "நல்லா கிரீஸ் அடிங்க" என்று சொல்லிவிட்டு வருவோம். சேஸிஸுக்கு அடிக்கும் கெட்டிக் கிரீஸை ஹப்புக்குள்ளும் கை நிறைய அள்ளித் திணித்துவிடுவார்கள். உராய்வுக் கட்டை பிடிக்க வேண்டிய இடத்தில் வழுக்கும், சறுக்கிப் போக வேண்டிய ரிங் சேற்றில் மாட்டிய மாதிரி நகராது. ஹப்புக்குள் மெல்லிய பூச்சுதான் வேண்டும், விரலில் எடுத்துத் தடவினால் உலோகம் நிழலாகத் தெரிகிற அளவு. உராய்வுக் கட்டை உட்காரும் இடத்தைக் கம்பெனி மேனுவல் எப்படிச் சொல்கிறதோ அப்படியே விடுங்கள்.

_சர்க்ளிப்._ ஷாஃப்ட் முனையில் இருக்கும் சர்க்ளிப் (பள்ளத்தில் உட்காரும் வளையக் கிளிப்) உடைந்தாலோ பள்ளத்தில் சரியாக உட்காராமல் கழன்றாலோ ஷாஃப்ட் உள்ளே நகர்ந்துவிடும், பல்லோடு பல் முழுதாகச் சேராது. மூடியைக் கழற்றிய கணமே தெரியும். டீக்காசு சாமான்தான், ஆனால் சரியான தடிமனில் வாங்க வேண்டும். அருகில் கிடைத்ததைப் போட்டுச் சமாளித்தால் அடுத்த ஏற்றத்தில் மீண்டும் கழலும்.

_உடைந்த உறுப்பு._ ஸ்பிரிங், கேம், பல். இதற்குத்தான் ஹப் மாற்ற வேண்டும். அதற்கும் மேலே ஷாஃப்ட், டிஃப்ரன்ஷியல், டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று போனால் அது வீட்டு வேலை இல்லை.

அறிகுறி 2: ஏற்றத்தில் கடகடவென்று அடிக்கிறது

மாஞ்சோலை ஏற்றம் மாதிரி லோடு விழும் இடத்தில் மட்டும் முன் சக்கரத்தில் கடகடவென்று பல் தாவும் சத்தம். சமதளத்தில் ஒன்றுமில்லை. இது ஹப் பாதி மாட்டிய நிலையில் வழுக்குவது.

ஆனால் முதலில் சிவி ஜாயின்ட்டை (டிரைவ் ஷாஃப்ட்டின் மடங்கும் மூட்டு) கழித்துக்கட்டுங்கள். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாகச் சுற்றும்போது டக்டக் என்று வந்து, நேராக்கினால் நின்றால் அது சிவி. ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் டயரில் தெறித்திருக்கும். 2ஹெச், 4ஹெச் எதுவானாலும் வேகத்தோடு சேர்ந்து ஏறும் ஒரே சீரான உறுமல் என்றால் வீல் பேரிங். நேராகப் போகும்போது, லோடில், 4ஹெச்சில் மட்டும் என்றால்தான் ஹப்.

அப்படியே தொடர்ந்து ஓட்டினால் பல் முனை எல்லாம் உருண்டு கூழாங்கல் மாதிரி ஆகிவிடும். பிறகு சுத்தம் செய்தும் பயனில்லை. சத்தம் கேட்ட அன்றே 2ஹெச்சுக்கு வந்துவிட்டு, கழற்றும்போது இதே வரிசையில் பாருங்கள்: வீல் பேரிங் ஆட்டம், சர்க்ளிப், ஸ்பிரிங் விறைப்பு, உராய்வுக் கட்டைத் தேய்மானம், கடைசியாகப் பல். பேரிங்கை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. மெக்கானிக்கல் ஹப் ஸ்பிண்டில் நட்டை அண்டித்தான் வேலை செய்கிறது. பேரிங் ஆடினால் கேம் சாய்ந்து நிற்கும், புது ஹப் போட்டாலும் சீக்கிரம் தேயும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் முதல் வேலை பேரிங்.

அறிகுறி 3: 2ஹெச்சுக்கு மாற்றியும் விடுபடவில்லை

இங்கே இரண்டு வேறு பழுதுகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்வார்கள்.

ஸ்டியரிங் கனக்கிறது, திருப்பத்தில் டயர் எகிறி எகிறிப் போகிறது, லிவர் இறுகிக் கிடக்கிறது என்றால் பழுது ஹப்பில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸ் இன்னும் விடவில்லை. தார் ரோட்டில் 4ஹெச்சில் ஓட்டியதால் முன்னுக்கும் பின்னுக்கும் முறுக்கு ஏறி நிற்கிறது. நேராகச் சில மீட்டர் ரிவர்ஸ் எடுங்கள். அதிலும் விடவில்லையென்றால் மண் தரையில் ஏற்றி முன்பின் நகர்த்துங்கள். லிவரைக் காலால் உதைக்க வேண்டாம், ஃபோர்க் வளைந்தால் செலவு பெரிது.

ஸ்டியரிங் சாதாரணமாக இருக்கிறது, ஆனால் வேகத்தில் முன்பக்கம் லேசான இரைச்சல், மைலேஜும் கொஞ்சம் குறைவு. இப்போதுதான் ஹப் லாக்கில் தங்கியிருக்கிறது. முன் ஷாஃப்ட் வீணாகச் சுழல்கிறது, அவ்வளவுதான். வீட்டுக்கு ஓட்டி வரலாம், ஆபத்தில்லை. மெக்கானிக்கல் வகையில் முதல் மருந்து, 2ஹெச்சில் போட்டு நேராக இரண்டு மூன்று மீட்டர் ரிவர்ஸ். வளைத்து எடுத்தால் ஒரு பக்கம் மட்டும் விடும். அதற்கும் கேட்கவில்லையென்றால் உள்ளே கிரீஸ் காய்ந்திருக்கும் அல்லது மணல் புகுந்திருக்கும். கழற்றிக் கழுவ வேண்டும். சுத்தியலால் மூடியில் தட்டி விடுவிக்கும் வைத்தியம் எல்லா ஊரிலும் உண்டு. விடுபடும், உண்மைதான். அடுத்த முறை மூடியும் சேர்ந்து விடுபடும்.

வாக்குவம் வகையில் விடுபடாமல் நின்றால், குழாய் கசங்கி உள்ளே காற்று திரும்பாமல் இருக்கிறதா, சோலனாய்டின் காற்று வாய் மண்ணால் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

அறிகுறி 4: 2ஹெச்சிலேயே தானாக மாட்டுகிறது

லிவரைத் தொடாமலே ரிவர்ஸ் எடுக்கும்போதோ முன்னே கிளம்பும்போதோ முன் சக்கரத்தில் டக். காரணம் பெரும்பாலும் மேலே சொன்ன கெட்டிக் கிரீஸ்தான். சக்கரம் சுழலும்போது கிரீஸ் ஷாஃப்ட்டையும் இழுத்துச் சுழற்றுகிறது, ஷாஃப்ட் சுழல்வதை உணர்ந்து கேம் மாட்டிக்கொள்கிறது. கழுவினால் போய்விடும். போகவில்லையென்றால் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயிலைப் பாருங்கள், தவறான கெட்டி ஆயில் ஊற்றியிருந்தால் முன் புரொப்பல்லரை அது இழுத்துச் சுழற்றும். அதுவும் சரியென்றால் லிவர் 2ஹெச்சில் முழுதாக விழவில்லை. அந்த அட்ஜஸ்ட்மென்ட்டை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

அறிகுறி 5: மணலில் முன்பின் ஆட்டும்போது ஒவ்வொரு முறையும் டக்

பழுதில்லை. மெக்கானிக்கல் ஆட்டோ ஹப் திசை மாறும்போது ஒரு கணம் விட்டு, மறுதிசையில் மீண்டும் மாட்டும். அதன் வார்ப்பே அப்படி. ஆனால் புதைந்த வண்டியை ஆக்சிலரேட்டர் மிதித்து ஆட்டி ஆட்டி எடுத்தால் அந்த ஒவ்வொரு டக்கும் ஒரு அடி. டயரில் காற்றைக் குறைத்து, முன்னால் மணலைத் தள்ளிவிட்டு ஒரே திசையில் மெதுவாக எடுங்கள்.

அறிகுறி 6: மூடி ஓரத்தில் கிரீஸ் கசிவு, அல்லது வண்டி வெள்ளத்தில் நின்றது

2023 டிசம்பர் 17, 18ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டி, தாமிரபரணி கரை புரண்டபோது கழுத்தளவு தண்ணீரில் நின்ற வண்டிகள் எத்தனையோ. எஞ்சினையும் சீட்டையும் காயவைத்து ஓட்டத் தொடங்கிவிட்டார்கள். ஹப்பை யாரும் திறக்கவில்லை. மாதங்கள் கழித்துத் திறந்தால், கிரீஸ் பால் கலந்த காப்பி நிறத்தில் குழைந்து, ரிங்குக்கும் பல்லுக்கும் இடையில் நைஸான வண்டல் உட்கார்ந்திருந்தது. விரலில் தேய்த்தால் மணல்மணலாகக்கூடத் தெரியவில்லை, ஆனால் ஸ்பிரிங்கில் துருக் குழி விழுந்திருந்தது.

சக்கரத்தின் நடு மையம் தண்ணீரில் மூழ்கியிருந்தால் ஹப் இரண்டையும் திறந்தே ஆக வேண்டும். ஓ-ரிங் விலை ஒன்றுமில்லை. உவரியில் கடல் நீரில் இறங்கிய வண்டிக்கும் இதே விதி, அதுவும் அந்த வாரத்துக்குள். தேரிமண் உள்ளே போயிருந்தால் கிரீஸ் செங்கல் நிறமாக இருக்கும், பார்த்த உடனே தெரியும். கசிவு மூடிப் பக்கம் இல்லாமல் உள்பக்கம், பிரேக்கை நோக்கி வந்தால் அது ஹப் ஆயில் சீல். பிரேக்கில் கிரீஸ் பட்ட நிலையில் மலையிறங்க வேண்டாம்.

கழற்றி, கழுவி, மாட்டும் முறை

மூடியைப் பிடித்திருக்கும் சிறிய ஆலன் போல்ட்டுகளில்தான் முதல் சண்டை. குழிக்குள் இருக்கும் மண்ணை ஆணி முனையால் முழுக்கச் சுரண்டிவிட்டு, ஆலன் கீயை உள்ளே தட்டி உட்கார வைத்த பிறகே திருகுங்கள். அரைகுறையாக உட்கார்ந்த கீ போல்ட்டின் தலையை வட்டமாக்கிவிடும், பிறகு வெல்டிங் கடைக்குத்தான் போக வேண்டும். முதல் நாள் ராத்திரியே துரு விடும் ஆயில் அடித்து வைப்பது நல்லது.

மூடி வந்ததும் ஷாஃப்ட் முனையில் சர்க்ளிப் தெரியும். அது இறுக்கமாக நின்றால் காரணம் ஷாஃப்ட் உள்ளே இழுத்து நிற்பது. பல வண்டிகளில் ஷாஃப்ட் முனையில் மரையோடு ஒரு துளை இருக்கும், அதற்கேற்ற போல்ட்டைத் திருகி வெளியே இழுத்துப் பிடித்தால் சர்க்ளிப் சிரமமில்லாமல் வரும். பிளையரை அழுத்தும்போது முகத்தை நேராக வைக்காதீர்கள். அது பறக்கும்.

பின்னால் ஷிம் வாஷர்கள் இருந்தால் வந்த வரிசையிலேயே துணியில் அடுக்குங்கள். ஒவ்வொரு படியிலும் போனில் ஒரு படம். கேம் எந்தப் பக்கம் பார்த்தது, ஸ்பிண்டில் காடியில் எந்த நாக்கு உட்கார்ந்தது என்று மாட்டும்போது நிச்சயம் சந்தேகம் வரும்.

மெக்கானிக்கல் உறுப்புகளை மண்ணெண்ணெயிலோ டீசலிலோ பிரஷ் போட்டுக் கழுவி, காற்று அடித்து, துணியால் ஈரமில்லாமல் துடையுங்கள். டீசல் உள்ளே தங்கினால் புதிய கிரீஸைக் கரைத்துவிடும். வாக்குவம் ஹப்பின் ரப்பர் டயாஃப்ரம் மேல் டீசல், பெட்ரோல் எதுவும் படக்கூடாது, காய்ந்த துணியால் துடைத்தால் போதும். இப்போது நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். பல் முனை கூராக இருக்கிறதா, உருண்டிருக்கிறதா? கேமில் மயிரிழை விரிசல்? ஸ்பிரிங் ஒரு பக்கம் சாய்கிறதா? ரிங்கை விரலால் தள்ளினால் தடையின்றிப் போய்த் தானே திரும்புகிறதா? எல்லாம் சரியென்றால் அதே ஹப்பை மாட்டுங்கள். கேமோ பல்லோ போயிருந்தால் மாற்ற வேண்டும், அப்போது இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுவதே கணக்கு. ஒரே மணலையும் ஒரே தண்ணீரையும் குடித்தவைதானே இரண்டும்.

மாட்டும்போது புது ஓ-ரிங், புது கேஸ்கெட். சர்க்ளிப் பள்ளத்தில் முழுதாக உட்கார்ந்ததா என்று நகத்தால் சுற்றிப் பாருங்கள். மூடியைப் போடுவதற்கு முன்பே மேலே சொன்ன கை சோதனையை ஒருமுறை செய்துவிடுங்கள். மூடி போல்ட்டுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக, மேனுவலில் உள்ள டார்க் அளவுக்கு இறுக்குங்கள். அலுமினிய மூடி, பலம் காட்டினால் மரை போய்விடும்.

மேனுவல் ஹப்புக்கு மாறலாமா?

பலரும் கேட்பது. தேரியிலும் கடற்கரையிலும் வருடம் முழுக்க ஓடும் வண்டி என்றால் மாறுங்கள் என்பதே என் பதில். இறங்கிக் கையால் திருக வேண்டும், மழையில் அது எரிச்சல்தான். ஆனால் திசை மாறும்போது விடாது, உள்ளே கெட்டுப்போகும் சாமான்களும் குறைவு. காற்றாலைக் கேம்பருக்கு, அதுவும் ஓட்டுநர் அடிக்கடி மாறும் வண்டிக்கு, ஆட்டோவே மேல். ஒரு பக்கம் திருகி மறுபக்கத்தை மறந்துவிடுவார்கள்.

மாற்றும்போது ஹப்பை மட்டும் வாங்கி வந்து நிற்காதீர்கள். பல ஆட்டோ ஹப்புகளுக்கு உள்ளே இருக்கும் ஸ்பிண்டில் நட்டும் லாக் வாஷரும் தனி வகை, மேனுவலுக்கு வேறு நட் செட் வேண்டும். ஷாஃப்ட்டின் ஸ்ப்ளைன் பல்லை எண்ணிக்கொண்டு, பழைய நட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். வாக்குவம் வண்டியென்றால் குழாயை இரண்டு முனையிலும் இறுக்கமாக அடைக்க வேண்டும். திறந்து விட்டால் பிரேக் பூஸ்டருக்குப் போகும் வாக்குவம் அந்த வழியே கசியும்.

எப்போது கையை எடுக்க வேண்டும்

ஸ்பிண்டில் மரை நசுங்கியிருந்தால், பேரிங் உட்காரும் இடத்தில் கீறலோ நீலம் பாய்ந்த நிறமோ தெரிந்தால், ஷாஃப்ட் ஸ்ப்ளைன் முறுகியிருந்தால், போல்ட் உள்ளேயே உடைந்துவிட்டால், நக்கிள் சீலுக்குப் பிரஸ் தேவைப்பட்டால், வேலையை அங்கேயே நிறுத்துங்கள். பேரிங் நட்டை அளவு பார்த்து இறுக்கும் அனுபவம் இல்லையென்றால் அதையும் மெக்கானிக்கிடமே விடுங்கள். கூடுதலாக இறுக்கினால் பேரிங் சூட்டில் பிடித்துக்கொள்ளும், தளர்வாக விட்டால் புது ஹப்பே போகும். மெக்கானிக்கிடம் போகும்போது "ஹப் போச்சு" என்று சொல்லாதீர்கள். "2ஹெச்சில் சக்கரம் சும்மா சுற்றுகிறது, புரொப்பல்லரைச் சுழற்றினால் வலது ஷாஃப்ட் வருகிறது, சக்கரம் வரவில்லை" என்று பார்த்ததைச் சொல்லுங்கள். தேவையில்லாமல் டிஃப்ரன்ஷியலை இறக்க மாட்டார்.

வேலை முடிந்து முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு மூடி போல்ட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். ஃபோர் வீல் தேவைப்படாத மாதங்களிலும், மாதம் ஒருமுறை மண் தரையில் 4ஹெச் போட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டி, ரிவர்ஸ் எடுத்து விடுவியுங்கள்.